நரிக்கு வைத்த உருண்டைகள்

ஆடி, செவ்வாய்க்கிழமை

நரிக்குட்டிகள் மருந்தைத் தின்கின்றன என்று ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருந்தேன். வெறிநோய்த் தடுப்பு மருந்தை உள்ளே அடைத்த, மீன்தூள் நாற்றமடிக்கும் உருண்டைகள். மாலையில் சவுக்குத் தோப்பில் வளைகளின் வாயில் வைப்பேன். விடிந்து போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. பழவேற்காடு அலுவலகத்திலும் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை ஏரிக்கரையில் மல்லிகா அக்கா நண்டு வலைக்கு இரை கட்டிக்கொண்டிருந்தார். கையில் என் உருண்டை.

"அக்கா, அது நரிக்குட்டிக்கு வச்ச மருந்து!"

"மருந்தா? நல்லா நாறுதேனு எடுத்தாந்தேன். முன்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்?"

"ஊர்க் கூட்டத்துல சொன்னேனே."

"அங்க ஆம்பளைங்கதானே குந்தினு இருந்தாங்க. தோப்புல சுள்ளி பொறுக்கறது நாங்க."

உருண்டையை வாங்கிக்கொண்டு, அவரைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். கழுவிக்கொண்டே கேட்டார்: "அப்போ குட்டிங்க ஒண்ணுகூட துன்னலையா? எம் பொண்ணு அந்தத் தோப்பு வழியாதான் சார் ஸ்கூலுக்குப் போவுது."

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

நாளை முதலில் சுள்ளி பொறுக்கும் பெண்களைப் பார்த்துப் பேச வேண்டும். பிறகு எல்லா வளையிலும் மறுபடி வைக்க வேண்டும். மணலில் நடந்து நடந்து கால் கடுக்கிறது. தோப்புப் பக்கம் ஊளை கேட்கிறது. இந்த ஏரியில் நண்டுகளுக்கு மட்டும் இனி வெறி பிடிக்காது.