வீக்கம் வடிந்த கழுத்து

மார்ச் 4

அன்புத் தங்கச்சி சில்வண்டுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். சிரிக்காதே. இந்தக் கழுத்துக் கட்டியால் குரல் சுத்தமாகப் படுத்துவிட்டது. போனில் பேசினால் எதிரில் இருப்பவன் "லைன் சரியில்லை" என்று வைத்துவிடுகிறான். தட்டி எழுதலாம் என்றால், என் விரல் தடிமனுக்கு ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. அதனால் உன் ஊர்ப் பக்கம் போகிற நம் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கடை நிலைமை சொல்லி மாளாது. பழைய மோட்டாரும் பம்பும் வாங்கி விற்கிற தொழிலுக்கு வாய்தான் முதல். நான் சைகை காட்டினால் வந்தவன் விலையைக் குறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கும்பிடு போடுகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். கழுத்துக் கட்டிக்குள் ஏதோ தூளை ஊசியில் ஏற்றி, அதன் பிறகு கரண்ட் வைக்கிற புது வைத்தியத்தை உங்கள் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று உன் அண்ணியிடம் சொன்னாயாம். அது என்ன சரக்கு? வேலை செய்யுமா? மழுப்பாமல் சொல். டாக்டர் உனக்குப் பழக்கம்தானே, காதில் ஒரு வார்த்தை போட்டு வை.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேர் நடுவில் நின்று படித்தேன். அழாமல் இருக்க அதுதான் வழி.

தூள் என்றதும் மாவு மாதிரி நினைத்துக்கொள்ளாதே. நானோ துகள் என்பார்கள். சாதாரண மைக்ராஸ்கோப்புக்கே அகப்படாத உலோகப் பொடி. அதைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் இறக்கிவிடுவார்கள். நீ கரண்ட் என்கிறாயே, நான் மிஷினில் அளந்து வைக்கிற அந்தக் கதிர் அதன் மேல் பட்டதும், பொடி அதைப் பிடித்து அங்கேயே சிதறடிக்கும். சுற்றியிருக்கிற நல்ல சதைக்கு வழக்கமான அளவுதான். கட்டிக்குள் மட்டும் அடி பலமாக விழும்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. உடைந்த கட்டியின் துண்டுகளை நம் ரத்தத்தில் இருக்கிற காவல்காரர்கள் பார்த்து, முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதன் கூட்டாளி எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப்போய் அடிக்கலாம். உன் நுரையீரலில் தெரிகிற அந்தச் சின்னப் புள்ளியை நினைத்துத்தான் நான் அண்ணியிடம் வாயைத் திறந்தேன். "அடிக்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறேன் அண்ணா, "அடிக்கும்" என்று எழுதவில்லை. இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

சிபாரிசு நடக்காது. பரிசோதனைக்கு வா. கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல். அது போதும்.

உன்,
சில்வண்டு


மார்ச் 24

அன்புள்ள சில்வண்டுக்கு,

சிபாரிசு இல்லாமலே ஜெயித்தான் உன் அண்ணன்! என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வரும் திங்கட்கிழமை ஊசி. நான் வந்த அன்று நீ மிஷின் ரூமை விட்டு வெளியே வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருப்பாய். டாக்டர் என் பழைய ரிப்போர்ட்டையும் என் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வீக்கம் நல்லா குறைஞ்சிருக்கே, சாப்பாடு இறங்குதா?" என்றார். அவர் முன்னாலேயே நான்கு பிஸ்கட்டை விழுங்கிக் காட்டினேன்.

ரகசியம் உனக்கு மட்டும். நம் மருந்துக்கடைக்காரன் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று கொடுத்தான். ராஜ மாத்திரை! போட்ட மறுநாளே வீக்கம் வடிந்தது, பசி பிறந்தது, குரலில் கூட லேசாக ஒரு சத்தம் வந்தது. இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கேட்டார்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னேன். துருப்பிடித்த மோட்டாரை அப்படியே வாசலில் நிறுத்துவேனா? துடைத்து, பெயிண்ட் அடித்துத்தான் ஆளைக் கூப்பிடுவேன்.

அண்ணிக்கு ஒரே சந்தோஷம். அடுப்படியில் பாட்டு வேறு.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

போன் செய்தேன். "இப்பதான் கண் அசந்தார்" என்றாள் அண்ணி. அவளிடம் சொல்லிப் பதற வைக்க மனம் வரவில்லை. இதைக் கொண்டுவரும் டிரைவரிடமே பதில் கொடு.

அந்த மாத்திரையின் அட்டையைப் பார்த்துப் பெயரை எழுது. ஆனால் நீ சொல்வதை வைத்தே எனக்குத் தெரிகிறது. அது ஸ்டீராய்டு. அது கட்டியைக் கரைக்கவில்லை அண்ணா. உன் காவல்காரர்களைத் தூங்க வைத்திருக்கிறது. அவர்கள் சண்டையை நிறுத்தியதால்தான் வீக்கம் வடிந்தது. யாரை எழுப்புவதற்காக இவ்வளவு பாடு படுகிறோமோ, அவர்களுக்கே தினமும் தூக்க மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

இதற்கு மேலும் இருக்கிறது. வீக்கம் வடிந்த கழுத்தை ஸ்கேன் எடுத்துத்தான் எவ்வளவு பொடி, எந்த இடத்தில் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. நிஜமான அளவு தெரியாமல் ஊசி இறங்கக் கூடாது.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே, அதுவும் ஆபத்து. உடனே டாக்டரிடம் நீயே சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

தங்கை


மார்ச் 27

தங்கச்சிக்கு,

அட்டையில் இருந்த பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ சொன்னதுதான். படித்த பிள்ளை, தப்பாகவா சொல்லிவிடப் போகிறாய்.

ஆனால் இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பொய் சொன்ன ஆள்" என்று ஓரம் கட்டிவிட்டு, காத்திருக்கிற அடுத்தவனைக் கூப்பிடுவார்கள். நான் யாரை ஏமாற்றினேன்? ஓட்டை பம்பை யார் தலையிலும் கட்டவில்லையே. இது என் கழுத்து. நஷ்டம் வந்தால் எனக்கு வந்துவிட்டுப் போகிறது.

எனக்கு வேறு கதவு இல்லை. கரண்ட் மட்டும் வைத்தால் அந்த நுரையீரல் புள்ளிக்கு என்ன வழி என்று நீயே சொல். சொல்ல மாட்டாய். உன் கூடப் பிறந்தவன் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிரு. நீயே போய் என்னைக் காட்டிக் கொடுத்தாய் என்று தெரிந்தால் அண்ணி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். என்னைப் பற்றி நான் இப்போது எதுவும் சொல்லவில்லை.

அண்ணன்


மார்ச் 28

அண்ணா,

இன்று காலையில் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஊசி இல்லை.

அவர் கத்தவில்லை. மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிற முறையை எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். அதை ஒழுங்காகச் செய். நின்ற பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுபடி முடிவு செய்வார்களாம். உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் எழுத மாட்டேன்.

நீ கேட்ட மாதிரி இருக்கத்தான் பார்த்தேன். ராத்திரி முழுக்க பார்த்தேன். ஊசி தப்பான இடத்தில் இறங்கி, நான் மிஷின் ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரிந்தே உட்கார்ந்திருப்பது போலக் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. என்னால் முடியவில்லை அண்ணா.

திட்டியாவது எழுது.

சில்வண்டு


ஏப்ரல் 19

சில்வண்டுக்கு,

திட்டி இரண்டு கடிதம் எழுதினேன். டிரைவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை.

மாத்திரை நின்றது. கழுத்து பழையபடி மட்டுமல்ல, இன்னும் கூடவே வீங்கிவிட்டது. நேற்று ஸ்கேன் படத்தை டாக்டர் திரையில் காட்டினார். கட்டி அந்த ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. "இந்த நிலைமையில ஊசி போட முடியாதுங்க" என்றார். அப்போதே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உன்னிடமும் கேட்கப் போவதில்லை.

எனவே எல்லோருக்கும் வைக்கிற கரண்ட்தான் எனக்கும். அடுத்த வாரம் உங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பம். அண்ணி உன் பெயரைச் சொன்னாலே பாத்திரத்தை நங்கென்று வைக்கிறாள். லாட்ஜில் ரூம் போடு என்றாள். அவளுக்கு ஒரு ரூம் போட்டுவிட்டேன். என் பெட்டி உன் வீட்டுக்கு வருகிறது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வை. தொண்டையில் கஞ்சி மட்டும்தான் இறங்கும், வேறு எதையும் சமைத்து வைத்துக்கொண்டு உட்காராதே.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அதையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறேன். உன் வீட்டில் ஒரு மூலையில் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஊசியின் பேச்சை நீ எடுக்கக் கூடாது. நானும் எடுக்க மாட்டேன்.

அண்ணன்