மரித்தோர் மாதத்தில் உன் பெயர்

மொன்றியல்,
நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் ஜென்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் உன்னோடு வித்தை செய்கிற கூட்டாளிகள் இரண்டு பேரும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று மடு மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ, "நல்லா இருக்கிறன் அம்மா, பேந்து எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, எப்போது வரும் என்று பெல்ஜியத்து நேரத்தையும் இங்கத்தைய நேரத்தையும் கூட்டிக் கழித்துக்கொண்டு நான் இருப்பேன். கடிதம் என்றால் அப்படி ஓட முடியாது. உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன பலன், எழுத்துக் கூட்டியாவது வாசிப்பாய். அரை மணித்தியாலமாவது என்னோடு இருப்பாய்.

இங்கே முதல் பனி கொட்டி, கரைந்து, றோட்டெல்லாம் சேறு. மேல் மாடி நல்லம்மா அக்கா மகனோடு இருக்க ரொறன்ரோவுக்குப் போய்விட்டா. அவவின் ரீவிச் சத்தம் தலையிடி என்று எத்தனை தரம் புறுபுறுத்திருப்பேன். இப்போது அந்தச் சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னமும் பின்னேர வேலைதான். நான் நிலம் துடைத்துவிட்டு வரும்போது அப்பா நித்திரை. அவர் விடிய முன்னம் எழும்பித் துறைமுகத்துக்கு ட்ரக் எடுக்கப் போகும்போது நான் நித்திரை. சில நாட்களில் நான் வாய் திறந்து சொல்வது தெரு மூலை டெப்பனர்க் கடைக்காரனுக்கு ஒரு பொன்ஜூர், பஸ் ட்ரைவருக்கு ஒரு மெர்சி. அவ்வளவுதான். தனியாக இருக்கிறேன் பிள்ளை. இதை வேறு யாருக்கும் எழுத முடியாது, அதுதான் உனக்கு எழுதுகிறேன்.

உன் கதை கோயிலடியில் இன்னும் ஓயவில்லை. பார்மசி படிக்க இடம் கிடைத்த பிள்ளை சர்க்கஸில் கயிற்றில் தொங்கப் போய்விட்டது என்று தேவதாசன் மாமா காண்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். அவருடைய மகன் பார்மசி படித்துவிட்டுச் சிரிக்கவே மறந்துபோய் நிற்கிறான், அதை யாராவது கேட்டார்களா?

ஆனால் அப்பாவின் கோபம் வேறு. அதை நீ சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். சர்க்கஸ் பள்ளிக்கூடம் என்றதை அவர் விழுங்கவே மூன்று வருஷம் பிடித்தது. கடைசியில் அந்தப் பெரிய சர்க்கஸ் கொம்பனி உன்னை வேலைக்குக் கூப்பிட்டபோது அவர் எப்படி மாறினார் என்று உனக்குத் தெரியாது. விளம்பரப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு துறைமுகத்தில் கண்டவன் நின்றவனுக்கெல்லாம் காட்டினார். மாதச் சம்பளம், காப்புறுதி, பல்லுக்கும் காசு கொடுப்பார்களாம் என்று கோயிலில் சொன்னார். அதன் பிறகுதானே நீ வேண்டாம் என்றாய். உன் வாத்தியார்கூட இரண்டு வருஷம் அங்கே இரு, பெயர் எடு, பிறகு உன் விருப்பத்தைச் செய் என்று சொன்னார். நீ கேட்கவில்லை. "அங்க மற்ற ஆக்கள் யோசிச்சதை நான் செய்யவேணும் அம்மா. எனக்கு நான் யோசிச்சதைச் செய்து பார்க்கவேணும். நாற்பது வயசில தோள்மூட்டு விடாது" என்றாய். அப்போதுதான் அவர், இனி எனக்கு மகள் என்று ஒருத்தி இல்லை என்று சொன்னார். நீ பெட்டியைத் தூக்கினாய். அன்று தொடக்கம் இந்த வீட்டில் உன் பெயரை நான் மட்டும்தான் சொல்கிறேன், அதுவும் செபத்தில்.

நீ செய்தது சரி என்று இப்போதும் எனக்குச் சொல்ல வரவில்லை. பிழை என்றும் சொல்ல வரவில்லை. வேலையில் நிலம் துடைக்கும்போது யோசித்துப் பார்ப்பேன், என் வயதுக்கு நான் யோசித்த ஒன்றை எப்போதாவது செய்து பார்த்திருக்கிறேனா என்று. ஒன்றும் ஞாபகம் வருவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒன்று நடந்தது. யாராவது உனக்கு மெசேஜ் போட்டுக் குழப்ப முன்னம் நானே சொல்ல வேண்டும்.

இது மரித்தோர் மாதம். நவம்பரில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைப்பார்கள். அவரவர் வீட்டில் செத்தவர்களின் பெயரை உறையில் எழுதி அதற்குள் போட, பூசை தொடங்க முன்னம் வாசிப்பார்கள். நான் உன் அம்மம்மா, அப்பப்பா பெயர்களைப் போட்டிருந்தேன். கோயிலில் பெட்டி, உறை எல்லாம் எப்போதும் என் வேலை. அப்பா கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போகிறவர், அவருக்கு இந்த ஒழுங்குகள் ஒன்றும் தெரியாது.

கோயிலில் வாசகம் வாசிக்கிற பெடியன் றஜிந்தன்தான் பெயர்களை வாசித்தான். ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம் என்று தொடங்கி வாசித்துக்கொண்டே போனவன், "அருமைராசா ஜென்சி" என்று வாசித்தான்.

நீ விழுந்துவிட்டாய், அந்தச் செய்தி எனக்கு முன்னம் கோயிலுக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முன் வாங்குப் பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். அப்போது பின்னால் இருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"நிப்பாட்டும் தம்பி. அது நான் போட்ட பேர். என்ர பிள்ளை உயிரோட இருக்கிறாள்."

திரும்ப வாங்கில் இருந்துவிடுவார் என்று பார்த்தேன், அவர் இருக்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார், "பெல்ஜியத்தில சர்க்கஸ் செய்யிறாள். சொந்தமா. இண்டைக்குத்தான் முதல் நாள். இப்ப, இந்த நேரந்தான் ஏறுறாள். அதுக்குத்தான் போட்டனான்."

உன்னுடைய முதல் நாளை நான் அவருக்குச் சொல்லவில்லை, ஜென்சி. நேரத்தையும் சொல்லவில்லை. நீ இன்டர்நெட்டில் போட்ட அறிவித்தலை அவர் எங்கே, எப்போது பார்த்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. எல்லோரும் பெட்டிக்குள் உறை போடுகிறார்கள் என்று கண்டு, உயிரோடு இருக்கிறவர்களுக்கு வேண்டிக்கொள்கிற மன்றாட்டுப் பெட்டி என்று நினைத்து அவரும் போட்டிருக்கிறார். செத்தவர்களுக்கு நடுவில் மகளின் பெயரைப் போட்ட மனுஷன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பங்குச் சுவாமி நல்ல மனுஷன். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, உயரத்தில் நிற்கிற பிள்ளைக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வோம் என்றார். முழுக் கோயிலும் சொன்னது. தேவதாசன் மாமாவின் வாயும் அசைந்தது, நான் பார்த்தேன். பூசை முடிந்து வெளியே வந்தால் பாதிச் சனத்துக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் இருந்த ஒரு மனுஷி என் கையைப் பிடித்து அழுதுவிட்டு, எப்போது அடக்கம் என்று கேட்டா. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்றார். அவள் ஏதாவது படம் அனுப்பினவளோ என்று கேட்டார். நீ ஒத்திகையில் எடுத்து அனுப்பிய வீடியோவைக் கொடுத்தேன். அதை நான் ஒரு நாளும் முழுக்கப் பார்த்ததில்லை. நீ இரண்டு கையையும் விடுகிற இடம் வர, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அவர் நின்ற நிலையில் கடைசி மட்டும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். நான் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன், எல்லாம் முன்னமே கழுவின கோப்பைகள்.

பிறகு கேட்டார், "இதில கீழ மெத்தை கிடக்கு. ஆக்கள் பார்க்கிற நாளிலயும் கிடக்குமோ?"

எனக்குத் தெரியாது என்றேன். கொண்டெய்னரைத் தூக்குவதென்றாலும் நாலு மூலையும் கொழுவித்தானே தூக்குகிறார்கள், இவள் ஒரு கையில் என்ன துணிவில் தொங்குகிறாள் என்று தனக்குள் சொன்னார். நேற்று விடிய வேலைக்குப் போக முன்னம், நித்திரையில் கிடந்த என்னை எழுப்பி, மெத்தை போடுவார்களா என்று திரும்பவும் கேட்டார். இன்றைக்கும் எழுப்பினார்.

அவராக உனக்கு எடுக்க மாட்டார். நீயும் எடுக்க மாட்டாய், அவருடைய மகள்தானே. போன வருஷம் சொன்னதை அவர் திருப்பி எடுக்கவும் மாட்டார், மன்னிப்புக் கேட்கவும் மாட்டார். அதை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தால் நாங்கள் மூன்று பேரும் இப்படியே மூன்று இடத்தில் இருந்து கிழடாகிப்போவோம்.

ஆகையால் ஒன்றே ஒன்று செய், பிள்ளை. மெத்தை போடுகிறார்களா இல்லையா என்று எழுது. உள்ளதை உள்ளபடி எழுது. போடுகிறார்கள் என்றால் எனக்கு எழுது. போடுவதில்லை என்றால் அதை எனக்கு எழுதாதே, அப்பாவுக்கு எழுது. அவர் அறிந்துகொண்டு எனக்குச் சொல்லாமல் இருப்பார்.

மடு மாதா ஒரு கையை எப்போதும் உனக்குக் கீழே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை முத்தமிடும்
அம்மா றோசா