மூச்சுக்குக் காத்திருந்த சிற்றாலயம்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
14.01.2024

என் அன்புத் தம்பி றெஜினோல்டுக்கு,

ஆண்டவர் உன் கையை விடாமல் பிடித்திருக்க மன்றாடிக்கொண்டு அக்கா எழுதுவது. ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தொண்டையில் இருந்த கட்டியை எடுக்கும்போது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இனி உன்னோடு போனில் கதைக்க ஏலாது. வட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறாய். அதனால்தான் கடிதம். மகன் றொபின் வேலைக்குப் போனபின் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

நீ குருவாகி பிரான்ஸ் நாட்டுப்புறத்துக்குப் போய் எத்தனை வருடம்! ஒஸ்லோவுக்கு ஒருக்காலாவது வந்தாயா? சரி, அதை விடு. நீ பொறுப்பாயிருக்கும் பங்கில் பழைய கோயில்கள் கனக்க இருக்கு என்றாயே, அவற்றைப் பற்றி எழுது. இருந்த இடத்திலிருந்தே நானும் சுற்றிப் பார்க்கிறேன்.

உன் அக்கா
கரோலினா

வால்மூத் பங்கு, பிரான்ஸ்
06.02.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தைக் கண்டதும் உங்கள் குரல்தான் காதில் கேட்டது. அது இனி இல்லை என்பதை நம்ப முடியவில்லை.

இங்கே ஊருக்கொரு கோயில். எல்லாம் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக் கல். சுவர்கள் என் கை நீளத்திலும் தடிப்பு. சன்னலில் ஒரு தலை நுழையாது. வெயில் காலத்திலும் உள்ளே குளிர். ஒன்றில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், நரகத்துக்கு இழுபடும் மனிதர்களின் ஓவியம் தெரிகிறது. முகங்களை ஈரம் தின்றுவிட்டது. பூசைக்கு ஆளில்லை. சாவு விழுந்தால்தான் கதவு திறக்கும்.

வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் செத்துப் பிறந்த பிள்ளைகளைத் தாய்மார் அங்கே கொண்டுவருவார்களாம். பீடக் கல்லில் கிடத்தி, மெழுகுதிரி கொளுத்தி, ஒரு மூச்சாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம். உயிரில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை; அது இல்லாமல் கோயில் மண்ணும் இல்லை. உதடு அசைந்தது என்று யாராவது சொன்னால் போதும், உடனே ஞானஸ்நானம் கொடுத்து, பெயர் வைத்து, சுவரோரம் புதைப்பார்களாம். போன வருடம் வாய்க்கால் வெட்டியபோது சின்னச் சின்ன எலும்புகள் வந்தன. எவ்வளவு மூடநம்பிக்கை, பாருங்கள்!

உங்கள் தம்பி
றெஜி

ஹொல்ம்லியா
27.02.2024

தம்பி,

உன் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தேன். பிறகு எடுத்தேன். திரும்பவும் வைத்தேன்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டு மாதம். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நெரிபட்டுப் போய், சாவகச்சேரியில் ஒரு வகுப்பறையில் பிள்ளை பிறந்தது. பெண். அழவில்லை. அப்போது நீ செமினறியில் குருவுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கும் தெரியும், ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. அங்கே வந்த வயதான பங்குச் சுவாமி ஒருவரிடம், பிள்ளையைக் கோயில் மண்ணில் அடக்கச் சொல்லி உன் அத்தான் காலில் விழாக் குறையாக மன்றாடினார். “ஞானஸ்நானம் பெறாத பிள்ளை, மகனே. நான் என்ன செய்யிறது?” என்றுவிட்டு அவர் போய்விட்டார். அத்தான் பிள்ளையைத் தன் சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எந்த மண்ணில் தாட்டார் என்று சாகும்வரை சொல்லவில்லை.

அந்தத் தாய்மாருக்கு ஒரு கல்லாவது இருந்ததே.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்தச் சிற்றாலயத்தில், அந்தக் கல்லில், என் பிள்ளைக்கு ஒரு பூசை வை. பெயர் செலஸ்தீனா. இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. கெதியாகச் செய், தம்பி. கோடைக்குப் பிறகு வருவது எதையும் டொக்டர் என்னோடு கதைப்பதில்லை.

அக்கா

வால்மூத் பங்கு
04.04.2024

அன்புள்ள அக்கா,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். பிந்தியதற்கு மன்னியுங்கள். அதற்கு முந்திய பெரிய கிழமையிலும் அடக்கங்கள் ஓயவில்லை.

ஆயர் இல்லத்தில் கேட்டேன். கூரை வளைவு வெடித்திருப்பதால் மேயர் அந்தச் சிற்றாலயத்தைப் பூட்டிவிட்டார். பாரிஸ்காரர் ஒருவர் வீடாக்குவதற்கு அதை வாங்கியும்விட்டார். அங்கே பூசை வைத்தால் வீண் கதை வரும் என்கிறார்கள். நானும் யோசித்தேன். குழந்தை எப்போதோ இறைவனிடம் சேர்ந்துவிட்டது. திருச்சபை இன்று அப்படித்தான் நம்பச் சொல்கிறது. அதற்கு ஒரு கல் தேவையில்லை, அக்கா.

பங்குக் கோயிலில் ஞாயிறு பூசையை உங்கள் வேண்டுதலுக்காக ஒப்புக்கொடுத்தேன். பெயரை வாசிக்கவில்லை, யார் என்று இங்குள்ளவர்கள் கேட்பார்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கோடையில் வரப் பார்க்கிறேன்.

கிறிஸ்துவில் அன்புள்ள
அருட்பணி றெஜினோல்ட்

ஹொல்ம்லியா
21.05.2024

தம்பி,

போன கிழமை நானும் றொபினும் உன் ஊருக்கு வந்து போனோம். டொக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். லியோனில் இறங்கி வாடகைக் கார் எடுத்தோம். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதை வழியில்தான் எழுதிக் காட்டினேன். காரை ஓரமாக்கி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தான்.

சிற்றாலயத்தில் வேலை தொடங்கிவிட்டது. பீடக் கல்லைக் கழற்றி வெளியே புல்லில், இரண்டு பலகைக்கு மேல் வைத்திருந்தார்கள். வாங்கினவர் அதைத் தோட்டத்து மேசையாக்கப் போகிறாராம். றொபின் வேலையாளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அந்த மனிசன் மிசினை நிற்பாட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளிப் போய் நின்றான்.

கல்லில் கையை வைத்தேன். கூப்பிட எனக்குக் குரல் இல்லை. றொபின்தான் சொன்னான்: “செலஸ்தீனா அக்கா.” கொஞ்சம் பொறுத்து, “இன்னொருக்காச் சொல்லட்டோ, அம்மா?” என்று கேட்டான். தலையாட்டினேன். சொன்னான்.

மூச்சு ஒன்றும் வரவில்லை, தம்பி. வரும் என்று நான் போகவும் இல்லை.

திரும்பும்போது உன் கோயிலடியால் வந்தோம். ஊதாப் பூசை உடுப்போடு ஒரு சவப்பெட்டிக்கு முன்னால் நீ நடந்துகொண்டிருந்தாய். நன்றாக மெலிந்துவிட்டாய். “மாமாவைக் கூப்பிடட்டோ?” என்றான் றொபின். வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்தேன். பின்னால் வந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நீ தேவை.

என் அடக்கத்துக்கு இங்கே உள்ள வியட்நாம் சுவாமியிடம் சொல்லியாயிற்று. பிள்ளையின் பெயரையும் என் பெயரோடு வாசிப்பதாக ஒத்துக்கொண்டார். இவ்வளவு நாளும் எங்கே இருந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

நீ கட்டாயம் வா. பூசை உடுப்பைக் கொண்டுவராதே. கோயிலில் முன் வரிசை வாங்கில் றொபினுக்குப் பக்கத்தில் இரு; அவனுக்கு வேறு ஆளில்லை. நீ யார் என்று யாராவது கேட்டால், “நான் அவவின்ரை தம்பி” என்று மட்டும் சொல்லு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அக்கா