இரண்டாவது பொட்டலம்

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

இத்துடன் உன் மண் பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன். முதலாவது தக்காளிப் பாத்தி மண். நீ முன்பு சொன்னபடியே ஐந்து இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, கலந்து, நிழலில் உலர்த்தினேன். செடி என் இடுப்பளவு வந்துவிட்டது, காய்தான் இல்லை. யூரியாவை அள்ளிப் போட்டது நான்தான். "செடிக்கும் ஊட்டி ஊட்டியே கொல்லுவியா?" என்கிறார் பாப்பாவின் அப்பா.

இரண்டாவது பொட்டலம் பின்சுவரோரத்து மண். அங்கே செடி ஒன்றும் இல்லை. சுவரின் பழைய பச்சைப் பெயின்ட் உதிர்ந்து கிடக்கும். பாப்பா உட்கார்ந்து விளையாடுகிற இடம் அது. திங்கட்கிழமை வாயைத் திறந்து காட்டினாள், நாக்கெல்லாம் மண். எத்தனை நாளாகத் தின்கிறாளோ தெரியவில்லை. "மண்ணு தின்னாத பிள்ளை எங்க இருக்கு?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், அது பிள்ளைகளுக்கு விஷம் என்று எனக்குச் சொன்னது நீதான். நாளை டாக்டரிடமும் காட்டுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். "பிள்ளை பெத்ததுலேர்ந்து உன் நிழலுக்கே பயப்படுற" என்று நீ சொன்னதற்கு நான் கோபித்துப் போனை வைத்து நாலு மாதம் ஆகிறது. நீ சொன்னது சரிதான் அக்கா. இதுவும் வெறும் பயமாகவே இருந்துவிட்டால், எவ்வளவு வேண்டுமானாலும் சிரி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தக்காளி காத்திருக்கும். இரண்டாவது பொட்டலத்தை முதலில் பார்த்து, சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை