சித்தி தெருவுக்குப் போன ஆம்புலன்ஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் உடம்பும் வேலையும் சுகம்தானே? இங்கே நான் சுகம், அப்பாவும் இப்போது சுகம். அதென்ன "இப்போது" என்று பதறாதே, முழுக்கப் படி.

போன வருடம் ஆம்புலன்ஸ் நிலையம் எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்ய நகராட்சியிலிருந்து வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள், யாருக்கு என்ன நோய், எத்தனை தடவை அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள் என்று. நம் வண்டவாளத்தை நாமே ஏன் தண்டவாளத்தில் ஏற்றுவது என்று "யாருக்கும் ஒன்றுமில்லை" என எழுதிக் கொடுத்தேன், அப்பாவின் நெஞ்சுவலி மாத்திரையை ஒளித்தும் வைத்தேன். எதிர்வீட்டு டெய்லரம்மாவுக்கும் அப்படியே எழுதச் சொன்னேன், அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. நீ கத்துவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உன் சித்தியோ முழங்கால் வலி முதல் சித்தப்பாவின் மூச்சிரைப்பு வரை எழுதி, இடம் போதாமல் இன்னொரு தாளும் வாங்கினாளாம். நிலையம் அவள் வீட்டுக்கு எதிரிலேயே வந்துவிட்டது! "சைரன் சத்தத்துல டீவிகூட கேக்க முடியலக்கா" என்று போனில் அலுத்துக்கொள்கிறாள். அலுப்பா அது? எனக்கு வயிறு பற்றி எரிந்தது. குழாய்த் தண்ணீர், தார் ரோடு, எதுவானாலும் முதலில் அந்த மகராசிக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். போன் செய்தேன். ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டி வரப் பதினெட்டு நிமிடம். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் எழுதிய அந்த ஒரு வரியையே நினைத்து நினைத்துச் செத்தேன். வண்டி வந்தால் டிரைவர் பக்கத்தில் யார்? உன் சித்தி! எதிரே நிலையத்தில் நம் முகவரியைச் சொன்னது காதில் விழுந்ததும் செருப்புகூடப் போடாமல் ஏறி, சந்து சந்தாக வழி காட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இதய அடைப்பை எடுத்துவிட்டார்கள், அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி முழுக்க அவள் புகழ்தான். பொய் சொல்லமாட்டேன், எனக்கு அப்போதும் எரிந்தது. நன்றி சொல்ல இரண்டு தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த மாதிரி நிலையங்களுக்கு இடம் குறிப்பதுதானே உன் வேலை, எந்தத் தெருவிலாவது ஒருவருக்கும் நோயில்லை என்று தாள் வந்தால் நம்பிவிடாதே. நீயே போய்க் கதவைத் தட்டு. உள்ளே என்னைப் போல ஒரு வீம்புக்காரி இருப்பாள், அவள் மடியில் ஒரு தலை இருக்கும்.

இன்னும் வயிற்றெரிச்சல் ஆறாத,
உன் அம்மா