யரேலியின் கவுனும் மூச்சும்

ரீட்லி, கலிஃபோர்னியா
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அன்செல்மோவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மகள் யரேலி வீட்டில் இருக்கிறாள், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. அலாஸ்காவில் நீ வேலை செய்யும் மீன் ஆலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ கத்துவாய், நான் அழுவேன், உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவன் சீக்கிரம் முடி என்பான். அதனால்தான் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கம்பளிக் காலுறை போடுகிறாயா?

இங்கே பீச் பழ வேலை முடியப்போகிறது. பாதாம் மரங்களை உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் சாப்பாட்டுத் தட்டிலேயே புழுதி. இந்தக் காற்று அவளுக்கு ஆகாது என்று உனக்கே தெரியும்.

புதன்கிழமை மாதா கோயில் கூடத்தில், அக்டோபரில் வரும் அவளுடைய பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கான வால்ஸ் நடன ஒத்திகை நடந்தது. உன் தங்கை ஓட்டிலியாவும் வந்திருந்தாள். "கவுனைப் போட்டுக்கிட்டே ஆடுடி, அப்பத்தான் பழகும்" என்று சொல்லி, கவுனுக்குள் இடுப்பு நுழைவதற்காக ஃபாஹா என்ற இறுக்குப் பட்டையை மாட்டிவிட்டு, முதுகில் முட்டி கொடுத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். இரண்டு சுற்று நன்றாகத்தான் ஆடினாள். அப்புறம் கூட ஆடிய பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஓட்டிலியா சிரித்தாள். "உடம்பு கனக்குது, அதான் மூச்சு வாங்குது. ரெண்டு ரொட்டியைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்" என்றாள். பையன்களும் சிரித்தார்கள். குண்டான பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் யாருக்கும் பயம் வருவதில்லை, அன்செல்மோ. ஒல்லிப் பிள்ளையாக இருந்திருந்தால் அந்தக் கூடமே ஓடி வந்திருக்கும்.

எனக்கு அவள் தொண்டைக் குழி உள்ளே இழுப்பது கண்ணில் பட்டது. பூ அலங்காரம் செய்கிறவர்களின் கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டிப் போட்டேன். கயிறு போனது, இழுப்பு போகவில்லை. இழுக்கும்போது வாயில் அடிக்கும் நீல மருந்தை அடித்தேன், அதற்கும் அடங்கவில்லை. உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் என் விரலைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தினமும் காலையில் அடிக்க வேண்டிய மருந்தை அடிக்கிறாளா?" என்று கேட்டார். ஒரு நாள் தவறியதில்லை, சத்தம் எனக்கே கேட்கும் என்று பெருமையாகச் சொன்னேன். யரேலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஜன்னல் வழியா வெளியில அடிச்சிடுவேன்மா" என்றாள். எனக்குக் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "குளிர்காலத்துல இழுத்தப்போ குடுத்த மாத்திரையில பசி தாங்காம தின்னு தின்னுதானே இப்படி ஊதிப்போனேன்? இதுவும் அதே ஜாதி மருந்துதான். போட்டா இன்னும் ஊதிடுவேன்" என்றாள். மதியச் சாப்பாட்டையும் பள்ளியில் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தாளாம்.

டாக்டரம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்கினார். உடம்பு கூடினால் இழுப்பும் மோசமாகும். இழுப்பு மோசமானால் மாத்திரை. மாத்திரையால் பசி, பசியால் மறுபடி உடம்பு. காலையில் அடிக்கும் மருந்து கொஞ்சம்தான், நேராக நெஞ்சுக்குப் போவது; அதை விடாமல் அடித்தால் மாத்திரையே அநேகமாகத் தேவைப்படாது. பட்டினி வேண்டாம், மூச்சு அடங்கியதும் நடக்கட்டும், ஓடட்டும் என்றார். ஓடுவதா என்று வாயைப் பிளந்தேன். சின்ன வயதிலிருந்து ஓடாதே, இழுக்கும் என்று நீயும் நானும் உட்கார வைத்த பிள்ளை. உட்கார வைத்துவிட்டு ஏன் பெருத்தாய் என்று கேட்கிறோம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிர்காலத்தில் கொடுத்த அதே மாத்திரையை இன்னும் சில நாளைக்கு நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி இழுக்கும் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். நேற்று கெஞ்சி விழுங்க வைத்தேன். கவுனையும் நேற்றே தையற்காரியிடம் கொடுத்து, இருபக்கமும் பிரித்துத் துணி வைத்து அகலமாக்கச் சொல்லிவிட்டேன். கயிற்றை வெட்டியதிலிருந்து ஓட்டிலியா என்னோடு பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, சந்தோஷம்.

இன்று காலையில் யரேலி வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். மூக்குத்துவாரம் விரிந்து விரிந்து சுருங்குகிறது, நெஞ்சுக்குள் விசில் கேட்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கவுனை அகலமாக்கக் கொடுத்தாயிற்று என்றேன். "அப்பா வாங்கினது அந்த அளவு இல்லையே" என்றாள்.

அலாஸ்காவுக்குக் கிளம்புமுன் ஃப்ரெஸ்னோ கடையில் நீ வேண்டுமென்றே ஓர் அளவு சின்னதாக எடுத்தாய். "அக்டோபருக்குள்ள இதுக்குள்ள நுழைஞ்சிடணும், இல்லேன்னா உன்னோட ஆட அப்பா கிரேன் பிடிக்கணும்" என்றாய். கடைக்காரப் பெண் சிரித்தாள், நான் சிரித்தேன், யரேலியும் சிரித்தாள். உன் வாயில் விஷம் இல்லை என்று எனக்குத் தெரியும். இழுக்கும்போதெல்லாம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன் நீ. ஆனால் இன்று அவள் கேட்டது இதுதான்: "இன்னும் ஊதிட்டேன்னா, எல்லார் முன்னாடியும் அப்பா என் கையைப் பிடிச்சு ஆடுவாராம்மா?"

நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. குவாதலூப்பே மாதாவின் படத்தில் கை வைத்து, உன் பெயரில் சத்தியம் செய்துவிட்டேன். எந்த உடம்போடு வந்தாலும் அப்பாதான் முதலில் எழுந்து வந்து உன் கையைப் பிடிப்பார், சிரிக்க மாட்டார் என்று. பிறகு மாத்திரையை விழுங்கினாள். நாளைக் காலையிலும் அதையேதான் கேட்பாள்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். நான் கொடுத்தது உன்னுடைய வார்த்தை. அதைப் பொய்யாக்கிவிடாதே.

உன்
கிரிசெல்டா