கொம்பு முறிந்த பசு

சித்திரை 9, செவ்வாய்

காலையில் பக்கத்து வீட்டுச் சரசுவுக்கு என் பசுவை அவிழ்த்துக் கொடுத்தேன். மாடு வாங்கவென்று மகளிர் குழுவில் அவள் எடுத்த கடன், மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்த புருஷனின் ஆபரேஷனுக்குப் போய்விட்டது. இன்று கடன் கம்பெனிக்காரத் தம்பி மாடு வாங்கியாயிற்றா என்று பார்த்துப் படம் எடுக்க வந்தார். வந்தவர் முறிந்த கொம்பையே பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, இதே மாட்டைத்தான மல்லிகாக்கா ஊட்டுலயும் படம் எடுத்தனுங்க?"

சரசு மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். எங்கள் குழு மல்லிகாவுக்கும் முன்பு நான்தான் இதை அவிழ்த்துக் கொடுத்திருந்தேன்.

"சரி, அந்தப் பக்கமாத் திருப்பி நிறுத்துங்க. கொம்பு தெரிய வேண்டாமுங்க," என்றார்.

நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

நாளை என் வீட்டுக்கு வருகிறாராம். தையல் மிஷினுக்கென்று எடுத்த கடனில்தான் நான் இந்தப் பசுவையே வாங்கினேன். விடிந்ததும் மல்லிகாவிடம் போய் மிஷினைக் கேட்கவேண்டும். அவள் அதை வாங்கியது மாட்டுக் கடனில்.